ஐஸ் பெட்டிக்கு அடித்தட்டு

இரண்டு ஊசியும் ஏறியாயிற்று, பிளாஸ்திரி ஒட்டியாயிற்று, இனி நாலு மணி நேரத்துக்கு இந்த இடது கை என்னுடையது இல்லை. ஆட்டக் கூடாது, மடக்கக் கூடாது, சொறியக் கூடாது. சொறியக் கூடாது என்று நினைத்த உடனே முழங்கைப் பக்கம் அரிக்கிறது, எப்போதும் இப்படித்தான். டயாலிசிஸ் மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. குழாயில் என் ரத்தம் போகிறது, வருகிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை பார்த்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன், இப்போது ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நிறம்தான் சரியில்லை. அப்போது கெட்டியாக, கறுப்பு ஓடின சிவப்பாக இருந்தது, இப்போது யாரோ தண்ணீர் விட்டு நீட்டின மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ. ஆனால் ஜெபசெல்வி சிஸ்டர் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார். "காலைல எடுத்ததுல ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டுதான் இருக்கு அண்ணாச்சி. ஏழுக்குக் கீழ போயிட்டு. ஐரின் டாக்டர் ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திரச் சொல்லிட்டாங்க. வடிவு அக்காவ பிளட் பேங்குக்கு அனுப்பியாச்சு, வந்த உடனே தொடங்கிருவோம்." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொத்துமல்லி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அவரைக் குறை சொல்லக் கூடாது, காலையிலிருந்து பன்னிரண்டு பேருக்கு ஊசி குத்தியிருக்கிறார்.

ரத்தம் ஏற்றக் கூடாது என்றுதானே இத்தனை நாள் சொன்னார்கள். மூன்று மாதமாக இதே டாக்டர் இதே வாயால் சொன்னது. அடுத்தவர் ரத்தம் உள்ளே போனால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளுமாம், பழகிவிட்டால் பிறகு வடிவு கொடுக்கப் போகிற கிட்னியையும் அது அந்நியன் என்று விரட்டிவிடலாமாம். வடிவுக்கும் எனக்கும் எல்லாப் பொருத்தமும் பார்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பார்த்ததைவிட அதிகமான பொருத்தம். பத்துக்கு ஏறட்டும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடலாம் என்றார் டாக்டர். பத்துக்கு ஏறவில்லை. ஒன்பதிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஏழரை, இன்றைக்கு ஆறு புள்ளி எட்டு. மாடிப்படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்குகிறது. நான்தான் படி ஏற முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நாலாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வடிவு இரண்டு படி மேலே நின்று காத்திருந்தாள், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு வெள்ளி. செவ்வாய்க்கிழமையைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

சோர்வு என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தைக்குள் இது அடங்காது. தூக்கம் வருகிற சோர்வு இல்லை, தூங்கி எழுந்த பிறகும் இருக்கிறது. சட்டைப் பித்தான் நாலு போட்டுவிட்டு ஐந்தாவதற்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. கம்ப்ரசரை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினவன் நான், பாளையங்கோட்டையில் பாதிப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜ் இந்தக் கை பட்டதுதான். இப்போது தண்ணீர் செம்பு கனக்கிறது. முதலில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, மாதுளை, ஆட்டு ஈரல். கிட்னிக்காரன் இதில் பாதியைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐரின் டாக்டர்தான் உட்கார்ந்து விளக்கினார். ரத்தம் ஊறுகிறது எலும்புக்குள்ளேயாம், ஆனால் ஊறு என்று எலும்புக்குத் தகவல் அனுப்புவது கிட்னியாம், கிட்னி படுத்துவிட்டால் தகவல் போகாது, எலும்பு சும்மா இருந்துவிடும். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ரிலே போன ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கும், ஓடு என்று சொல்ல ஆள் இல்லை. "அப்ப ரிலேய மாத்துத வரைக்கும் நேர்ல ஒயரக் குடுத்து ஓட்டணும், அதானே டாக்டர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்த ஒயர்தான் இந்த ஊசி என்றார். வாரத்துக்கு இரண்டு, டயாலிசிஸ் முடிகிறபோது போடுவது. கூடவே இரும்புச் சத்து ஊசி. பக்கத்துக் கட்டில் தனபால் சாருக்கு இதே ஊசிதான், ஆறரையிலிருந்து பதினொன்று வந்துவிட்டது, பழைய பி.டி. வாத்தியார், வார்டுக்குள் விசில் இல்லாத குறையாக நடக்கிறார். எனக்கு மட்டும் ஒயர் கொடுத்தும் ஓடவில்லை. டோசை இரண்டு தடவை கூட்டினார்கள். இரும்பு பார்த்தார்கள், போதுமாக இருந்தது. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று குழாய் விட்டுப் பார்த்தார்கள், இல்லை. கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வடிவு முகத்தைப் பார்த்தேன். அதுதான் செவ்வாய்க்கிழமை.

வந்துவிட்டது, இனி அதைத் தள்ளி என்ன. டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "வீட்டுல மருந்தப் பத்திரமா வச்சிருக்கீங்கள்லா?" அதற்கு அவள் வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "ஃப்ரிட்ஜப் பத்தி என்கிட்ட கேக்கவே வேண்டாம் டாக்டர், அது என் தொழிலு. மத்தபடி எடுக்கது, கொண்டாரது எல்லாம் இவதான். என்ன செய்தாளோ." என்ன செய்தாளோ. இந்த இரண்டு வார்த்தையை எங்கேயிருந்து எடுத்தேன். எங்கேயிருந்து என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணன் சுடலைமுத்து மே மாதம் வீட்டுக்கு வந்து ஒரு காப்பி முழுவதும் குடித்து முடித்துவிட்டு, "ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு யாரப் பாக்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் சொல்லாததை நான் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பயம், கிட்னியைக் கொடுக்கப் பயம், சொல்ல முடியாமல் ஊசியில் ஏதோ செய்கிறாள், ரத்தம் ஏறாமல் இருந்தால் தேதியும் வராது என்று கணக்குப் போட்டேன். போட்டேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன், போன வாரம் கேட்டிருந்தால் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். டாக்டருக்கும் அது தொற்றிக்கொண்டது. வடிவைப் பார்த்து, "உங்ககிட்ட தனியாப் பேசணும்மா, கட்டாயம்னு ஒண்ணும் கெடையாது, விருப்பம் இருந்தாத்தான் குடுக்கணும்" என்றார். அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கை, முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள், இறங்குகிற வரை திரும்பவில்லை.

தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர், அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் ஏறிவிடும், ஆகவே எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஐஸ் கட்டிதான். ஒரு கட்டியை வாயில் போட்டால் பத்து நிமிடம் வரும், ஏமாந்து கிடக்கும் நாக்கு. ஐஸுக்காகவே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிரைக் கூட்டுகிற திருகைக் கடைசி வரை திருப்பி வைத்திருக்கிறேன், பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், நானே மூன்று தடவை கேஸ் ஏற்றினது, சத்தம் போடும், ஆனால் குளிர்ச்சி அப்படி ஒரு குளிர்ச்சி. வீட்டிலிருந்து ஐஸும் ஊசியும் வருகிற பிளாஸ்க் வலது கைப் பக்கம் ஸ்டூலில் இருக்கிறது. வழக்கமாக வடிவு திறந்து கட்டியை எடுத்து நாக்கில் வைப்பாள், ஊசியைக் கடைசி மணியில்தான் எடுத்துச் சிஸ்டரிடம் கொடுப்பாள். இன்றைக்கு ஆள் இல்லை. ஒற்றைக் கையால் மூடியைத் திருகுகிறேன், பிளாஸ்க்கைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு. மேலே பாலிதீன் பையில் ஊசி அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி ஐஸ். பையைப் பிடித்து இழுத்தால் ஈரத்தில் ஊறின அட்டை கிழிந்து, ஊசி உருண்டு மடியில் விழுகிறது. விரல் நீளம் இருக்குமா, அவ்வளவுதான். எடுக்கிறேன். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடிக்கிறேன். மருந்து ஆடவில்லை. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது, நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி நிற்கிறது.

ஐஸ்.

பிளாஸ்க்கில் ஐஸோடு இருந்ததால் உறைந்திருக்கும். இல்லை. இல்லை, ஆவுடையப்பா, இதை வேறு யாரிடமாவது போய்ச் சொல். உருகிக்கொண்டிருக்கிற ஐஸ் எதையும் உறைய வைக்காது, அது முப்பது வருஷத் தொழிலில் முதல் நாள் பாடம். இது பிளாஸ்க்குக்குள் வருவதற்கு முன்னாலேயே கல்லாக இருந்திருக்கிறது. நாலு மணி நேரம் கழித்து எடுத்ததால் ஒவ்வொரு தடவையும் தண்ணீராகிவிட்டிருக்கிறது, சிஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அட்டைப்பெட்டியைத் திருப்புகிறேன். பனிப்பூப் படம், அதன் மேல் உறைய விடாதே என்று குறுக்கே ஒரு கோடு. நான் ஃப்ரிட்ஜ் கதவு கதவாகப் பார்த்த அதே பனிப்பூ. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட இந்தப் பெட்டியை நான் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. என்ன செய்தாளோ என்று கேட்க வாய் இருந்தது, பெட்டியைப் பார்க்கக் கண் இல்லை. அப்படியானால் வடிவுதான் உறைய வைத்தாள், எங்கே வைத்தாள், ஐஸ் பெட்டிக்கு அடித்தட்டில் வைத்தாள், ஏன் அங்கே வைத்தாள். இந்த இடத்தில் எண்ணம் முட்டிக்கொண்டு நிற்கிறது. திரும்ப முதலிலிருந்து போகிறது, அதே இடத்தில் நிற்கிறது. ஏன் அங்கே வைத்தாள்.

நான் சொன்னேன். சித்திரை மாதம், கரண்ட் வந்து வந்து போகிற நேரம். முதல் தடவை மருந்து வாங்கி வந்தபோது அவள் அதைக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கட்டிலில் படுத்தபடியே அதட்டினேன், கதவுப் பக்கம் சூடு, திறக்கத் திறக்க வெளிக்காற்று அடிக்கும், ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறதே அங்கே வை, கரண்ட் போனாலும் ஆறு மணி நேரம் தாங்கும் என்று. பெருமையாகச் சொன்னேன். படுக்கையில் விழுந்தவனுக்கு அதிகாரம் பண்ண மிச்சம் இருந்தது அந்த ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். திருகைக் கடைசிக்குத் திருப்பினால் அந்தத் தட்டில் தக்காளிகூடக் கல்லாகும் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். குளிர் ஒரு பொருளைக் கெடுக்கும் என்பதுதான் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுவதும் என்னிடம் வந்த புகார் எல்லாம் கூலிங் பத்தவில்லை என்பதுதான். பால் திரிந்தது, மீன் நாறியது, மாவு பொங்கியது. ஒரு ஆள்கூட அண்ணாச்சி ரொம்பக் குளிருது, வந்து குறைத்துத் தாங்க என்று கூப்பிட்டதில்லை. சூடுதான் கெடுக்கும், குளிர் காக்கும், அதை வைத்துத்தான் சோறு தின்றேன். இதில் இன்னும் ஏதோ ஒன்று இருக்கிறது. வைத்த இரண்டாம் நாள் அவள் ஏதோ கேட்டாள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், உள் லைட் அவள் கன்னத்தில் அடித்தது, நான் கதவை மூடு கூலிங் போகுது என்று கத்தினேன். அதற்கு முன்னால் ஏதோ கேட்டாள். மெஷின் பீப் அடிக்கிறது, சிஸ்டர் வந்து ஒரு பித்தானை அமுக்கிவிட்டு, "கைய மடக்காதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஊசியைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறேன். எதற்கு ஒளித்தேன்.

இந்தக் கெண்டைக்கால் பிடிப்பு வேறு. பொறு, அது போகட்டும். "இது உள்ள ஐஸாயிருதே, பரவால்லையாங்க?" இதுதான் கேட்டாள். அப்புறம் இன்னும் கேட்டாள், "மருந்துக் கடையில அந்தப் பொண்ணு உறையக் கூடாதுன்னு சொன்ன மாதிரி இருந்திச்சே." இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது, கையில் ஊசியோடு நிற்கிறாள், சேலை நுனியால் அதன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள். நான் சொன்னதும் கேட்கிறது. "முப்பது வருஷமா ஃப்ரிட்ஜுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கேன், எனக்கு நீ சொல்லித் தாறியா? வச்ச எடத்துல வை." அவள் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு இருபதுக்கு மேல் ஊசி. எல்லாம் உறைந்து உருகினது. இருபது தடவை எனக்கு ஏறினது வெறும் தண்ணீர். வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை இல்லை. பயமாகவும் இருக்கிறது. ரத்தம் வருகிறது. அவளே கையில் வாங்கிக்கொண்டு வருகிறாள். ஏற்றினால் அவள் கிட்னி எனக்கு இல்லாமல் போகலாம். ஏற்ற வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் தனபால் சார், சிஸ்டர், இந்த வார்டு முழுக்கச் சிரிக்கும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மருந்தை ஐஸாக்கிப் போட்டுக்கொண்டான் என்று. சொல்லாமலும் இருக்கலாம். இன்றைக்கே வீட்டுக்குப் போய்த் திருகைக் குறைத்து, தட்டை மாற்றி, ஒருத்தருக்கும் தெரியாமல் சரிபண்ணிவிடலாம், ஒரு பாட்டில்தானே, ஒரு பாட்டிலில் எல்லாருக்குமா எதிர்ப்பு வருகிறது. அப்புறம் ரத்த அளவு ஏற ஆரம்பிக்கும். எல்லோரும் என்ன நினைப்பார்கள். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசின பிறகுதான் அந்த அம்மா ஒழுங்காக ஊசி கொண்டுவந்தாள் என்று நினைப்பார்கள். அவள் அதையும் தலையில் வாங்கிக்கொண்டு பேசாமல் சோறு வடிப்பாள். இப்படியும் ஒரு யோசனை எனக்குள் வருகிறதே. ரத்தம் வெளுத்ததால் வருகிற யோசனை இல்லை இது, இது முன்னமே இருந்ததுதான்.

கதவு திறக்கிறது. வடிவு. ரத்தப் பையை ஒரு துண்டில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், பின்னாலேயே ஐரின் டாக்டர். மூச்சு வாங்குகிறாள், கீழ்த்தளத்திலிருந்து படியேறியே வந்திருப்பாள். என்னைப் பார்க்காமல் பையைச் சிஸ்டரிடம் நீட்டுகிறாள். சிஸ்டர் என் பெயரையும் எண்ணையும் சீட்டோடு சரிபார்க்கிறார், குழாய் உறையைக் கிழிக்கிறார். இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். எதுவுமே செய்ய வேண்டாம், சோர்ந்து கிடந்தாலே போதும், சோர்வு எனக்குப் பழகினதுதான். நான் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கிறேன்.

"டாக்டர், கொஞ்சம் நில்லுங்க. ஊசிய நான்தான் ஐஸ் பெட்டிகிட்ட வைக்கச் சொன்னேன். இவ இல்ல. மூணு மாசமா எல்லாம் ஐஸாயி ஐஸாயி உருகியிருக்கு."

டாக்டர் ஊசியை வாங்கி லைட்டில் பார்த்தார். குச்சி இன்னும் பாதி இருந்தது. "உறைஞ்சிட்டா மருந்து செத்துரும் ஆவுடையப்பன். நாம போட்டதெல்லாம் வீண்." கோபப்படவில்லை, அவருக்கும் சோர்வாகத்தான் இருந்தது. "படுத்திருக்கப்ப மூச்சு முட்டுதா? நெஞ்சு வலி உண்டா?" இல்லை என்றேன். நாடியைப் பிடித்துப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், மானிட்டரைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "சிஸ்டர், ரத்தம் வேண்டாம், நிறுத்துங்க. நம்ம ஃப்ரிட்ஜுல உள்ள ஊசியப் போடுங்க. இனிமே மருந்து இங்கயே இருக்கட்டும். ஏறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், வாராவாரம் பாப்போம். ஆனா ஒண்ணு, நடுவுல மூச்சுத் திணறல், நெஞ்சு வலின்னு வந்தீங்கன்னா நான் யோசிக்க மாட்டேன், ஏத்திருவேன். சம்மதமா?" சம்மதம் என்றேன். அவர் வடிவு பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதாம்மா? நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன் டாக்டர்" என்றாள்.

"சொன்னா. நான்தான் கேக்கல" என்றேன். தனபால் சார் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார், தூங்கவில்லை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சொன்னதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்து, வடிவு தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

சிஸ்டர் ரத்தப் பையை மறுபடி துண்டில் சுற்றி வடிவு கையில் கொடுத்தார், வெளியில் எடுத்த அரை மணிக்குள் திரும்பிப் போனால்தான் வேறு யாருக்காவது ஆகும், சீக்கிரம் போங்க அக்கா என்றார். வடிவு போகவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றாள். பிளாஸ்க்கை என் தொடையிடுக்கிலிருந்து எடுத்து மூடியை இறுக்கி ஸ்டூலில் வைத்தாள். மூன்று நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் குடுக்க மாட்டேன்னு நெனச்சிட்டீங்க, என்ன?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "ஆமா" என்றேன்.

"நானும் ரெண்டு நாளு அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். "செவ்வாக்கிழமைக்குப் பொறகு."

அவள் சொன்னது நியாயம் என்று பட்டது, வலித்தது, இரண்டும் ஒரே நேரத்தில். இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கப் பயமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை, இப்போது சொன்னால் கிட்னிக்காகச் சொல்கிற மாதிரி இருக்கும். அவளே அதைப் பற்றி ஒன்றும் எதிர்பார்த்து நிற்பதாகத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள், பாத்திரத்தில் ஒட்டினதைத் தேய்க்கிற மாதிரி. பிறகு ரத்தப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கதவுப் பக்கம் போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"டாக்டரு மறுபடி வந்தா தேதி எவ்வளவு தள்ளிப் போகும்னு கேட்டு வைங்க. சத்துணவுல எனக்குப் பதிலா ஆள் போடணும், டீச்சரு முன்னக்கூட்டியே சொல்லணும்னு சொல்லியிருக்காவ."